செஷல்ஸ் கதிர்க்குருவியை எங்கே, எப்படிப் பார்ப்பது?

கேள்வி: ஜூலையில் குடும்பத்தோடு ஒரு வாரம் செஷல்ஸ் போகிறோம். நான்கு நாள் மாஹே தீவு, மூன்று நாள் பிராலின் தீவு. அந்த நாட்டில் மட்டுமே வாழும் செஷல்ஸ் கதிர்க்குருவியைப் பார்க்க ஒரு நாள் ஒதுக்க முடியும். மாஹே மலைக்காட்டில் தேடினால் கிடைக்குமா? பெரிய லென்ஸ் தூக்கிக்கொண்டு வரவேண்டுமா? மனைவிக்கும் பத்து வயது மகளுக்கும் பறவைகளில் அவ்வளவு நாட்டம் இல்லை. அவர்களுக்குச் சலித்துவிடாதா?

பதில்:

மாஹேயில் கிடைக்காது. நான்கு நாளும் மலைக்காட்டில் சுற்றினாலும் கிடைக்காது. பிராலினிலும் இல்லை. செஷல்ஸ் நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவுகள் இருக்கின்றன. இந்தக் குருவி நிலைத்து வாழ்வது கூசான், கூசின், அரீட், தெனி, ஃப்ரெகாட் என்ற ஐந்தே சிறு தீவுகளில்தான். ஐந்தில் ஒன்றில் கால் வைத்துவிட்டால், பார்க்காமல் திரும்புவதுதான் கடினம். ஆகவே உங்கள் திட்டத்தில் யோசிக்க வேண்டியது குருவியை எப்படித் தேடுவது என்பதை அல்ல, எந்தப் படகில் ஏறுவது என்பதை.

உங்களுக்கு நான் சொல்வது கூசான். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் ஒரு எச்சரிக்கை: கூசான், கூசின் இரண்டும் வேறு வேறு தீவுகள். பெயரும் ஒன்றுபோல் ஒலிக்கும், கடலில் ஒன்றுக்கொன்று கண்ணெதிரே நிற்கும். கூசான் இயற்கைக் காப்பகம், யாரும் கட்டணம் செலுத்திப் போய்வரலாம். கூசின் தனியார் சொகுசு விடுதி, அங்கே தங்குபவர்களுக்கு மட்டும்தான். படகுக்காரரிடம் பேசும்போது "காப்பகம் இருக்கிற தீவு" என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

இந்தக் குருவி எப்படி இருக்கும் என்று கேட்டால், உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அழகுப் போட்டிக்கு அனுப்ப முடியாது. நீளம் 13 முதல் 14 செ.மீ., எடை 15 கிராம் சொச்சம். முதுகு பசுமை கலந்த மங்கிய பழுப்பு, வயிறு வெளிறிய மஞ்சள், கால் நீலச்சாம்பல். தலையில் கொண்டையோ சிறகில் பட்டையோ கிடையாது. ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுதான். பனிக்காலத்தில் தமிழ்நாட்டுப் புதர்களுக்குள் 'டக், டக்' என்று சத்தம் கொடுத்துக்கொண்டு ஒளிந்து திரியும் பிளைத் நாணல் கதிர்க்குருவியைப் பார்த்திருப்பீர்கள். அதே பேரினம்தான். ஒரு வேற்றுமை உண்டு: நம் ஊர்க் குருவி வாலின் நுனியைக் காட்டவே யோசிக்கும், செஷல்ஸ் குருவி உங்கள் தலைக்கு மேல் கை எட்டும் கிளையில் வந்து நின்று தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். எலியும் பூனையும் இல்லாத தீவில் வளர்ந்த பறவை, மனிதனைக் கண்டு பயப்படப் பழகவில்லை.

குழப்பத்துக்கும் அதிகம் இடமில்லை. கூசானில் இதன் அளவில் மூன்று சிறு பறவைகளைத்தான் சாதாரணமாகப் பார்ப்பீர்கள். ஃபோடி என்பது தூக்கணாங்குருவிக் குடும்பம். தடித்த கட்டை அலகு, உடல் முழுவதும் புகை படிந்த பழுப்பு. தேன்சிட்டு கருத்த நிறம், வளைந்த அலகு. மூன்றாவது நம் கதிர்க்குருவி. அலகு நேராக, மெலிந்து, உடலுக்குச் சற்று நீளமானதுபோல் தெரியும். அலகைப் பார்த்தாலே போதும், நிறத்தைப் பார்க்கவே வேண்டாம். மர நிழலில் நிறம் எப்படியும் ஏமாற்றும்.

கண்ணை எங்கே வைப்பது என்பதில்தான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்தக் குருவி பூச்சிதின்னி. இரையில் ஏறக்குறைய எல்லாவற்றையும் இலையின் அடிப்பக்கத்திலிருந்தே பொறுக்குகிறது. கிளையில் தொங்கி, கழுத்தை மேல்நோக்கித் திருப்பி, ஒவ்வோர் இலையாகப் பார்த்துக்கொண்டே நகரும். சில நேரம் ஒரு நொடி அந்தரத்தில் சிறகடித்தபடியே கொத்தும். மர உச்சியையோ தரையையோ துழாவ வேண்டாம். அகன்ற இலை உள்ள மரத்தின் கீழ் நின்று, இலைகளின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். காற்றில்லாமலேயே ஓர் இலை அசைந்தால் அங்கே அது இருக்கிறது.

அகன்ற இலை மரம் என்றேனே, அதில் முக்கியமானது பிசோனியா. நம் ஊரில் வீட்டு வாசலில் வெளிர்மஞ்சள் இலையோடு நிற்கும் லச்சக்கொட்டைக் கீரை மரம் இதே இனத்தின் ஒரு வகைதான். இங்கே கிளையொடித்து நட்டு, கீரைக்காக வெட்டிவெட்டி இடுப்பளவில் வைத்திருக்கிறோம். கூசானில் அது காடாகவே நிற்கிறது, மேலே பார்த்தால் வானம் துண்டுதுண்டாகத் தெரியும். அதன் விதைகள் பிசின் போல் ஒட்டுபவை. அந்த மரங்களில் ஆயிரக்கணக்கில் கூடுகட்டும் நாடி என்னும் கருப்பு ஆலாக்களில் சில, சிறகெல்லாம் விதை ஒட்டிப் பறக்க முடியாமல் செத்தும் போகும். காப்பாளர் ஒருவேளை அப்படி ஒன்றைக் காட்டினால் மகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. நோனி மரங்களையும் விட்டுவிடாதீர்கள். அவற்றில் பூச்சி அதிகம், அதனால் குருவியும் அதிகம்.

அடுத்தது காது. இதன் பாட்டு, யாரோ வாயைக் குவித்துச் சீட்டியடிப்பது போலவே இருக்கும். ஐரோப்பிய நாணல் கதிர்க்குருவிகளைப் போல நீட்டி முழக்கிக் கரகரப்பது இதற்குக் கிடையாது. சுருக்கமான, இனிமையான, கீழ்சுரத்தில் நிற்கும் சீட்டி. முதல்முறை கேட்பவர்கள் முன்னால் போகும் குழுவில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பதுண்டு. தயவுசெய்து கைப்பேசியில் பதிவைப் போட்டு அழைக்காதீர்கள். ஆண்டு முழுவதும் எல்லை காக்கும் பறவை இது. பொய்க்குரலைக் கேட்டால் கூட்டை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும். அந்த நேரத்தில் கூட்டில் முட்டை இருந்தால் ஃபோடி வந்து குடித்துவிடும். இது என் கற்பனையான பயம் அல்ல. முட்டைத் திருட்டில் ஃபோடிதான் இந்தக் குருவிக்கு முதல் எதிரி. பெண் அடைகாக்கும்போது ஆண் பக்கத்துக் கிளையில் காவல் இருப்பதே அதற்காகத்தான்.

இனி, கூசான்தான் சரி என்று ஏன் சொன்னேன் என்பதற்கு வருகிறேன். இதற்குக் கொஞ்சம் பழங்கதை வேண்டும்.

இந்தப் பறவையை 1877இல் பிரெஞ்சு அறிவியலாளர் உஸ்தாலே விவரித்துப் பெயரிட்டார். அவருக்குக் கிடைத்த மாதிரி மரியான் தீவிலிருந்து வந்தது. இன்று மரியானில் இந்தக் குருவி ஒன்றுகூட இல்லை. தேங்காய் நல்ல விலைக்குப் போன காலத்தில் இந்தத் தீவுகளில் காட்டை வெட்டித் தென்னை வைத்தார்கள். தென்னந்தோப்பில் அகன்ற இலை கிடையாது, இலையடியில் பூச்சி கிடையாது. தோப்போடு எலியும் பூனையும் வந்து சேர்ந்தன. ஒவ்வொரு தீவாகக் குருவி மறைந்தது. பழைய அருங்காட்சியக மாதிரிகளின் மரபணுவை இன்றுள்ள பறவைகளோடு ஒப்பிட்டவர்கள், ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள். 1960களில் மிஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. எல்லாமே ஒரே தீவில். அது கூசான். அங்கேயும் தென்னைதான். ஆனால் ஓரத்தில் கொஞ்சம் புதர்க்காடு பிழைத்திருந்தது, எலி ஏறவே இல்லை.

கூசான் மொத்தம் 29 ஹெக்டேர், ஏறத்தாழ எழுபது ஏக்கர். நம் பக்கத்தில் ஒரு நடுத்தர ஏரியின் பரப்புகூட இல்லை. ஓர் இனம் முழுவதும் அந்த அளவு நிலத்தின் ஒரு மூலையில் ஒடுங்கியிருந்தது. ஒரு புயல் போதும். 1968இல் பறவைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு அமைப்பு (இன்று அதன் பெயர் பேர்ட்லைஃப்) பொதுமக்களிடம் நிதி திரட்டி அந்தத் தீவையே விலைக்கு வாங்கியது. வாங்கிய பிறகு செய்தது எளிமையான வேலை: தென்னங்கன்று முளைக்கவிடாமல் அகற்றினார்கள், காடு தானே திரும்ப வளர விட்டார்கள். கூண்டில் வைத்துக் குஞ்சு பொரிக்க வைக்கவில்லை, தீனி போடவில்லை. 1980களின் தொடக்கத்தில் முந்நூறைத் தாண்டிவிட்டது. அதற்கு மேல் தீவில் இடமில்லை. இன்றும் ஏறத்தாழ அதே எண்ணிக்கைதான் நிற்கிறது. நூற்றுச் சொச்சம் குடும்பங்கள், தீவு முழுவதும் எல்லை பிரித்துக்கொண்டு, இடையில் காலி மனை ஒன்றுகூட இல்லாமல். ஒரு குடும்பத்தின் எல்லை சராசரியாகக் கால் ஹெக்டேர்தான். நீங்கள் காட்டுப் பாதையில் ஐம்பது மீட்டர் நடந்தால் அடுத்த குடும்பத்தின் எல்லைக்குள் நுழைந்திருப்பீர்கள். பார்க்காமல் திரும்புவதுதான் கடினம் என்று மேலே சொன்னது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

மற்ற நான்கு தீவுகளிலும் இருப்பவை கூசானிலிருந்து ஆட்கள் பிடித்துக் கொண்டுபோய் விட்டவை. 1988இல் அரீட் தீவுக்கு 29 பறவைகள், 1990இல் கூசினுக்கு 29, 2004இல் தெனிக்கு 58, 2011இல் ஃப்ரெகாட்டுக்கு 59. இப்படிக் கையால் கொண்டுபோக வேண்டியிருந்ததற்குக் காரணம், இவை கடலைத் தாண்டுவதில்லை. பறக்கும் வலு இருக்கிறது. கூசானிலிருந்து பார்த்தால் கூசின் எதிரே தெரிகிறது. ஆனாலும் போவது மிக மிக அபூர்வம். காலில் வளையம் மாட்டி ஆண்டுக்கணக்கில் கவனித்தும், தீவு மாறிய பறவைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 'குறிப்பிட்ட தீவுகளில் மட்டும்' என்பது இந்தக் குருவியின் விஷயத்தில் அப்படியே நேர்ப்பொருள் கொண்டது. பக்கத்துத் தீவில் காத்திருந்தால் ஒருநாள் வரும் என்ற நம்பிக்கையெல்லாம் வேண்டாம்.

அரீட்டில் விட்ட 29 பறவைகள் என்ன செய்தன என்பது ஒரு தனிக்கதை. கூசானில் பொதுவாக ஒரே ஒரு முட்டை, அதுவும் குறிப்பிட்ட மாதங்களில். அரீட்டில் பூச்சி ஏராளம், இடமும் ஏராளம். அங்கே ஆண்டு முழுவதும் கூடுகட்டின, இரண்டு மூன்று முட்டைகூட இட்டன. இன்று ஐந்து தீவிலும் சேர்த்து மூவாயிரம் அளவில் இருக்கின்றன. ஒரு காலத்தில் அழிவின் விளிம்பில் நின்ற பறவையை, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் உலகச் செம்பட்டியலில் அச்சுறுத்தலுக்கு அருகிலுள்ளவை என்ற வகைக்கு இறக்கியிருக்கிறார்கள்.

அப்படியானால் எண்ணிக்கை அதிகமுள்ள அரீட்டுக்கே போகலாமே என்று கேட்பீர்கள். ஜூலையில் வேண்டாம். மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்குக் காற்று. அரீட்டில் அலை உடையும் கரையில்தான் இறங்க வேண்டும், இந்தப் பருவத்தில் பல நாள் இறங்கவே விடமாட்டார்கள். தெனியும் ஃப்ரெகாட்டும் தனியார் விடுதித் தீவுகள், அங்கே ஓரிரவு வாடகையில் நீங்கள் வீட்டுக்கு ஒரு நல்ல தொலைநோக்கியும் லென்ஸும் வாங்கிவிடலாம். ஆக மிச்சம் கூசான்.

ஆனால் நான் கூசானைச் சொல்வது வேறு வழியில்லாததால் மட்டும் அல்ல. உலகத்தில் மிக நெருக்கமாகக் கவனிக்கப்பட்டுவரும் காட்டுப் பறவைக் கூட்டங்களில் ஒன்று அங்கே இருக்கிறது. 1980களின் நடுவில் யான் கொம்டூர் என்ற டச்சு உயிரியலாளர் தொடங்கிய ஆய்வு இன்றும் நடக்கிறது. நெதர்லாந்தின் க்ரோனிங்கன் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகமும் அதில் முக்கியப் பங்காளிகள். 1997 முதல் தீவிலுள்ள ஏறத்தாழ ஒவ்வொரு குருவியின் காலிலும் வண்ண வளையங்கள் உண்டு. எந்தக் குருவி யாருக்குப் பிறந்தது, யாரோடு சேர்ந்தது, எப்போது செத்தது என்ற வரலாறு தலைமுறை தலைமுறையாகக் கையில் இருக்கிறது. குருவியைப் பார்த்தவுடன் அலகை உறுதிசெய்துகொண்டு, அடுத்ததாகக் காலைப் பாருங்கள். இடது காலில் மேலிருந்து கீழ், பிறகு வலது காலில் மேலிருந்து கீழ் என்று நிறங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நிற வரிசைதான் அதன் பெயர்.

உங்கள் மகளுக்கு இந்த வேலையைக் கொடுத்துவிடுங்கள். நோட்டும் பென்சிலும் போதும். பத்து வயதுப் பிள்ளைக்கு 'பழுப்புப் பறவை' என்பதில் எந்தச் சுவையும் இருக்காது. 'சிவப்பு–வெள்ளை–நீலம் எங்கே போகிறது பார்' என்றால் கதை வேறு.

அப்படி ஒரு குடும்பத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு கால்மணி நேரம் பார்த்தால்தான் இந்தக் குருவியின் உண்மையான சுவாரசியம் தெரியும். ஒரே எல்லைக்குள் இரண்டு பறவைகள் மட்டும் இல்லை, மூன்றோ நான்கோ இருப்பதைக் காண்பீர்கள். ஆணும் பெண்ணும் போக மற்றவை பெரும்பாலும் முந்தைய ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகள், அதிலும் மகள்கள். தீவில் காலி மனை இல்லாததால் தனிக்குடித்தனம் போக வழியில்லை. அதனால் தாய்வீட்டிலேயே தங்கி, கூடு கட்டவும் அடைகாக்கவும் அடுத்த குஞ்சுக்கு இரை ஊட்டவும் கைகொடுக்கின்றன. சில மகள்கள் தாயின் கூட்டிலேயே தாங்களும் ஒரு முட்டை இட்டுவிடுகின்றன என்று மரபணுச் சோதனையில் தெரியவந்தது. குஞ்சுகளில் நாற்பது சதவீதம் அளவுக்கு அந்த வீட்டு ஆணுக்குப் பிறந்தவை அல்ல என்பதும் அதே சோதனையில் வெளிவந்ததுதான். அதை மகளிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம்.

வேறு தீவுக்குக் கொண்டுபோவதற்காகக் கூசானிலிருந்து குருவிகளைப் பிடித்தபோது இன்னொன்று தெரிந்தது. ஒரு மனை காலியானதும் சில மணி நேரத்துக்குள் வேறொரு குடும்பத்தில் உதவியாளராக இருந்த குருவி வந்து அதைப் பிடித்துக்கொண்டது. ஆனால் கிடைத்த மனைக்கெல்லாம் ஓடவில்லை. தாய்வீட்டு எல்லையைவிட இலையும் பூச்சியும் குறைந்த இடம் என்றால், அங்கேயே இருந்துவிட்டன. காத்திருப்பதும் ஒரு கணக்குதான் என்று 15 கிராம் குருவிக்குத் தெரிந்திருக்கிறது.

இதைவிட வியப்பானது 1997இல் கொம்டூர் குழு வெளியிட்ட கண்டுபிடிப்பு. இரை செழித்த எல்லையில் உதவிக்கு ஒரு மகள் இருப்பது லாபம். வறண்ட எல்லையில் அதுவே கூடுதல் வாய், நஷ்டம். மகன்கள் பொதுவாகச் சீக்கிரம் கிளம்பிப் போய்விடுபவை. குஞ்சுகளின் பாலினத்தைச் சோதித்துப் பார்த்தால், வறண்ட எல்லைகளில் பிறந்தவற்றில் 77 சதவீதம் ஆண். செழித்த எல்லைகளில் ஆண் வெறும் 13 சதவீதம். அது மட்டுமல்ல, வறண்ட இடத்தில் மகன்களாகப் பெற்றுக்கொண்டிருந்த இணைகளைச் செழித்த இடத்துக்கு மாற்றியபோது, அதே இணைகள் மகள்களைப் பெறத் தொடங்கின. பறவைகளில் குஞ்சின் பாலினத்தைத் தீர்மானிப்பது தாயின் முட்டைதான் என்பதால் இது நடக்க வழி உண்டு. ஆனால் உடலுக்குள் எப்படி நடக்கிறது என்பது உயிரியலாளர்களை இன்னும் விவாதிக்க வைத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் பார்க்கும் குடும்பத்தில் உதவியாளர் இருக்கிறதா என்று காப்பாளரிடம் கேளுங்கள், அவர் முகம் மலரும். எல்லோரும் தீவிலுள்ள ராட்சத ஆமைகளைப் பற்றியே கேட்டுச் சலித்துப்போயிருப்பார்.

ஜூலை உங்களுக்கு ஒரு விதத்தில் நல்ல மாதம். கூசானில் முக்கியக் கூடுகட்டும் பருவம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அலகு நிறையப் பூச்சியோடு ஒரு குருவி ஒரே திசையில் திரும்பத் திரும்பப் போனால் அந்தப் பக்கம் கூடு இருக்கிறது என்று அர்த்தம். கூடு கவட்டைக் கிளையில் சிறு கிண்ணம் போல் இருக்கும், பெரும்பாலும் உயரத்தில். பின்தொடர்ந்து பாதையை விட்டு இறங்காதீர்கள், காப்பாளரும் விடமாட்டார். கூட்டை விட்டு வந்த குஞ்சுகள் மாதக்கணக்கில் பெற்றோரிடம் இரை வாங்கிக்கொண்டிருக்கும். அவற்றை அடையாளம் காண ஒரு குறிப்பு: கண்ணின் நிறம். இளங்குஞ்சுக்குச் சாம்பல், சற்று வளர்ந்ததற்கு இளம்பழுப்பு, முழு வளர்ச்சியடைந்ததற்குச் செம்பழுப்பு. தொலைநோக்கி வழியாக இது தெளிவாகத் தெரியும். இதைத் தெரிந்துகொண்டு போகிறவர்கள் குறைவு.

போய்ச் சேரும் வழி இதுதான். மாஹேயிலிருந்து வேகப்படகில் பிராலினுக்கு ஒரு மணி நேரம். பிராலினில் தங்கும் மூன்று நாளில் ஒரு காலைப் பொழுதைக் கூசானுக்கு வையுங்கள். பிராலினிலிருந்து இரண்டு கிலோமீட்டர் போலத்தான், தீவு கரையிலிருந்தே தெரியும். பார்வையாளர்களை வாரநாட்களில் காலையில் மட்டுமே அனுமதிக்கிறார்கள், சனி ஞாயிறு இல்லை. பிராலினில் உங்கள் மூன்று நாள் வெள்ளி, சனி, ஞாயிறு என்று அமைந்தால் வெள்ளி ஒன்றுதான் மிச்சம். பயணத் தேதியை இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள், முடிந்தால் மாஹேயையும் பிராலினையும் முன்பின் மாற்றுங்கள். பிராலினில் விடுதிகளும் படகுக்காரர்களும் இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்துகொடுப்பார்கள். காப்பகக் கட்டணம் படகுக் கட்டணத்தில் சேர்ந்ததா, தனியா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். முதல் காலையைத் தேர்ந்தெடுத்தால், அலை காரணமாக ரத்தானாலும் மறுநாள் இருக்கிறது. கடைசி நாளுக்கு வைத்துவிட்டு ஏமாந்தவர்கள் பலர்.

உங்களை ஏற்றிவரும் படகு கூசானின் கரையைத் தொடாது. தீவிலிருந்து காப்பகத்தின் சொந்தப் படகு கடலுக்குள் வரும், நடுக்கடலில் அதற்கு மாற வேண்டும். வெளிப்படகில் ஒளிந்து ஓர் எலி தீவில் ஏறிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. மிகையான பயம் இல்லை. ஃப்ரெகாட் தீவில் 1995இல் எலி நுழைந்தது. ஒழித்துக்கட்ட 2000 ஆகிவிட்டது. காப்பகப் படகுக்காரர் வேகமெடுத்து நேராக மணலில் கொண்டுபோய் ஏற்றுவார். இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள், மகளுக்கு இந்த ஒரு நொடி போதும், நாள் முழுக்கப் பேசுவாள். இறங்கும்போது முழங்கால்வரை நனையலாம். கேமராவை நீர்புகாத பையில் வையுங்கள். பையில் பழம், விதை, மண் ஒட்டிய செருப்பு எதுவும் வேண்டாம். முந்தின இரவே பையை உதறிச் சுத்தம் செய்துவிடுங்கள், எறும்புகூட அங்கே புது விருந்தாளிதான்.

அப்புறம் கொசு. இதை விளம்பரங்களில் எழுதமாட்டார்கள். பிசோனியாக் காட்டுக்குள் கூசான் கொசு நல்ல பசியோடு இருக்கும். முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, கொசு மருந்து மூன்றும் வேண்டும்.

லென்ஸ் விஷயம்: 400, 600 எல்லாம் வீட்டில் இருக்கட்டும். பறவை பெரும்பாலும் மூன்று நான்கு மீட்டரில் இருக்கும், பெரிய லென்ஸுக்கு அந்தத் தூரத்தில் ஃபோகஸே கிடைக்காமல் போகலாம். 70–300 தாராளம். சிக்கல் தூரம் அல்ல, வெளிச்சம். காட்டுக்குள் நண்பகலிலும் இருட்டு. ஐ.எஸ்.ஓ.வைத் தயங்காமல் ஏற்றுங்கள், படத்தில் கொஞ்சம் மணல் விழுந்தால் விழட்டும். ஷட்டரை 1/500க்குக் கீழே இறக்கினால் இலை மட்டும்தான் தெளிவாக வரும். ஃப்ளாஷ் வேண்டாம். தொலைநோக்கி எடுப்பதென்றால் 8x32 அல்லது 8x42, கிட்டத்தில் இரண்டு மீட்டரிலும் ஃபோகஸ் ஆகிறதா என்று கடையிலேயே சோதித்து வாங்குங்கள்.

மனைவிக்கும் மகளுக்கும் சலிக்குமா என்ற கேள்விக்கு: கதிர்க்குருவியை மட்டும் காட்டினால் சலிக்கலாம். ஆனால் கூசானில் கதிர்க்குருவி கூட்டத்தில் ஒருத்திதான். ராட்சத ஆமைகள் பாதையை மறித்துப் படுத்திருக்கும், கழுத்தைத் தடவிக்கொடுத்தால் எழுந்து நீட்டிக்காட்டும். நீள வெள்ளை வால் கொண்ட கடற்பறவை மர வேரடியில், தரையிலேயே, குஞ்சோடு உட்கார்ந்திருக்கும். பால்வெள்ளை ஆலா கூடே கட்டாமல் வெறும் கிளையில் ஒற்றை முட்டையை நிறுத்தி வைத்திருக்கும், எப்படி உருளாமல் இருக்கிறது என்று பார்ப்பவர் எல்லோரும் கேட்பார்கள். நம் ஊர்க் குண்டுகரிச்சானின் உறவான செஷல்ஸ் குண்டுகரிச்சானும் அங்கே காலடியில் வந்து நிற்கும். உதிர்ந்த இலையை நீங்கள் காலால் கிளறிவிட்டால் பூச்சி பொறுக்கலாம் என்ற நப்பாசை அதற்கு. அதுவும் 1960களில் ஒரே தீவில் இருபதுக்கும் கீழே போயிருந்த பறவை. அலுங்காமை என்ற கடலாமை முட்டையிடப் பட்டப்பகலில் கரையேறும் காட்சி மட்டும் ஜூலையில் கிடைக்காது, அது அக்டோபருக்குப் பிறகு.

மாஹேயில் இருக்கும் நான்கு நாளும் வீண் என்று நினைக்க வேண்டாம். அங்குள்ள மலைக்காடுகளில் செஷல்ஸ் சின்னான், நீலப்புறா, தேன்சிட்டு மூன்றும் சிரமமில்லாமல் கிடைக்கும். வெள்ளைக்கண்ணிக்குத்தான் கொஞ்சம் அதிர்ஷ்டம் வேண்டும்.

காற்று பலமாகி, கூசான் பயணம் இரண்டு நாளும் ரத்தானால் லா டீக் தீவுக்குப் படகு ஏறுங்கள். பிராலினிலிருந்து கால்மணி நேரம், பெரிய பயணிகள் படகு என்பதால் அலைக்குச் சுலபத்தில் நிற்காது. கதிர்க்குருவி அங்கே இல்லை. ஆனால் செஷல்ஸ் அரசவால் ஈப்பிடிப்பானின் தாய்நிலம் அதுதான். கிரியோல் மொழியில் 'வேவ்'. ஆண் முழுக் கருப்பு, உடலைவிட நீளமான இரட்டை வால் இறகு. பெண் கருந்தலை, செங்கபில முதுகு, வெள்ளை வயிறு. படகுத்துறையிலிருந்து வாடகை மிதிவண்டியில் பத்து நிமிடத்தில் வேவ் காப்பகம் வந்துவிடும். காலை பத்து மணிக்குள் போங்கள். தக்கமாக்கா, வாதாம் மரங்களின் தாழ்ந்த கிளைகளில், தேங்கிய நீருக்குப் பக்கமாகத் தேடுங்கள். இந்தப் பறவையின் வால் முழுவதும் சட்டத்துக்குள் வரவேண்டுமென்றால் பின்னால் நகர்ந்து நின்றுதான் எடுக்க வேண்டியிருக்கும்.